உன் நாக்கின் தீர்ப்பை நம்பு!

மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்தை விட்டு இறங்குகிறாய். நல்ல பசி. கை தன்னால் சட்டைப்பைக்குப் போகிறது. செல்பேசியைத் திறந்து எந்தக் கடைக்கு நாலரை நட்சத்திரம், எந்தக் கடைக்கு மூன்றே முக்கால் என்று தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாய். கால் மணி நேரம் கரைகிறது. உனக்குப் பத்தடி தள்ளி ஒரு கல்லில் முட்டை உடைந்து விழுகிற சத்தம் கேட்கிறது. சால்னா கொதிக்கிற வாசனை காற்றில் வருகிறது. நீ தலை நிமிரவே இல்லை. முன்பின் தெரியாத எவனோ என்றைக்கோ தட்டிவிட்டுப் போன நான்கு வரிக்குத் தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடிக்கிறாய்.

தம்பி, தங்கையே, கோபத்தோடுதான் கேட்கிறேன். உன் பசிக்கும் உன் காசுக்கும் உன் வாய்க்கும் எது நல்லது என்று முடிவு செய்கிற அதிகாரத்தை யாருக்கு எழுதிக் கொடுத்தாய்? எப்போது கொடுத்தாய்?

சாப்பாட்டு விஷயத்துக்கு இத்தனை ஆவேசமா என்று நினைக்காதே. எண்பது ரூபாய்ச் சாப்பாட்டைத் தன் பொறுப்பில் தேர்ந்தெடுக்கத் துணியாதவன், எட்டு லட்ச ரூபாய்க் கடனை எந்தத் துணிச்சலில் வாங்குவான்? எந்த வேலைக்குப் போவது, யாரோடு வாழ்வது என்பதை எப்படித் தீர்மானிப்பான்? அங்கேயும் நாலு பேரைக் கேட்பான். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். கடைசியில் யார் சத்தமாகச் சொன்னாரோ அவர் பின்னால் போவான்.

தன்னம்பிக்கை என்பது கூட்டம் கேட்டுக் கைதட்டி வருவதில்லை. காலையில் எழுந்து "என்னால் முடியும்" என்று பத்துத் தரம் சொன்னாலும் வராது. நீயே ஒரு முடிவெடுக்கிறாய். அதற்கு உன் காசைக் கொடுக்கிறாய். அதன் ருசியையோ கசப்பையோ நீயே அனுபவிக்கிறாய். மறுநாள் இன்னொரு முடிவெடுக்கிறாய். அங்கேதான் அது முளைக்கிறது. இதைப் பழகுவதற்கு ஓர் ஊரின் தள்ளுவண்டிகளையும் மெஸ்களையும் மிட்டாய்க் கடைகளையும் விட மலிவான களம் உலகத்தில் கிடையாது. முடிவு பிசகினால் போவது ஒரு வேளைச் சாப்பாடு. முடிவு சரியாக அமைந்தால் அந்தக் கடை ஆயுளுக்கும் உன்னுடையது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஓர் இளைஞன் இருந்தான். பெயர் ஜொனாதன் கோல்டு. 1960இல் பிறந்தவன். கல்லூரியில் இசை படித்தவன், செல்லோ வாசிப்பவன். 1980களின் தொடக்கத்தில் ஒரு சட்டப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்க்கிற வேலை. கையில் பெரிய பணமில்லை, பெயருமில்லை. அவன் தனக்குத் தானே ஒரு சவால் வைத்துக்கொண்டான். நகரத்தின் நடுவிலிருந்து கடற்கரை வரை நீள்கிற பீக்கோ சாலையில் இருக்கிற ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் சாப்பிட்டுப் பார்ப்பது. அந்தச் சாலையில் பளபளக்கும் உணவகங்கள் குறைவு. மத்திய அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள், தங்கள் ஊர்ச் சமையலைச் சின்னச் சின்ன அறைகளில் விற்றுக்கொண்டிருந்த சாலை அது. பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் வெள்ளைத் துணி விரித்த மேசைகளை விட்டு அந்தப் பக்கம் வருவது அரிது.

கோல்டு போனான். சாப்பிட்டான். தன் நாக்கு சொன்னதை எழுதினான். ஒரு கடையைப் பற்றி எழுதுவதற்கு முன் அதே கடைக்கு நான்கைந்து முறை போவது அவனுடைய பழக்கமானது. 2007இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவன் கைக்கு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் உணவு விமர்சகன் அவன்தான். 2018இல் அவன் இறந்தபோது அந்த மாநகரமே துக்கம் கொண்டாடியது. பரிசுக்காக அவன் அந்தச் சாலையில் இறங்கவில்லை. தன் ஊரைத் தன் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற வைராக்கியத்தில் இறங்கினான். அந்த வைராக்கியம் உனக்கு ஏன் இல்லை? உன்னிடம் நாக்கு இல்லையா? கால் இல்லையா? உன் ஊரில் சாலை இல்லையா?

நட்சத்திரங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து எழுத வைக்கிற புகழ்ச்சியும், போட்டிக் கடைக்காரன் எழுத வைக்கிற வசையும் நம் நாட்டில் எவ்வளவு பெருகிவிட்டன என்றால், இணையத்தில் வரும் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஒரு தர விதியை வெளியிட வேண்டிவந்தது. அரசாங்கமே சந்தேகப்படுகிற சாட்சியை நீ ஏன் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாய்? நேர்மையாக எழுதியவனாகவே இருக்கட்டும். அவன் வீட்டில் காரம் எவ்வளவு, புளி எவ்வளவு, அவன் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தான் என்று உனக்குத் தெரியுமா? அவன் நாக்கு அவனுக்கு. உன் நாக்கு உனக்கு.

சரி, எங்கே தொடங்குவது? மதுரையில் தொடங்கு. இந்த ஊருக்குத் தூங்கா நகரம் என்று பெயர் வந்தது நேற்று முளைத்த பரோட்டாக் கடைகளால் அல்ல. பகல் கடைத்தெருவான நாளங்காடியையும் இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியையும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பாடியிருக்கிறார். பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு அது, 782 அடி. ராத்திரியில் தெருவில் தின்பண்டம் விற்கிற ஊரைச் சங்கப் புலவன் பார்த்து வியந்திருக்கிறான். அந்தத் தெருக்களில் பிறந்த நீ, செல்பேசி வெளிச்சத்தில் வழி தேடிக்கொண்டிருக்கிறாய்!

மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி. ஒவ்வொன்றாகச் சுற்று. நடந்து சுற்று. வண்டியில் போகிறவனுக்கு மூக்கு வேலை செய்யாது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிளம்பு.

முதலில் பருத்திப்பால் வண்டி கண்ணில் படும். பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு கரைத்துக் கொதிக்கவிட்டு, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிச் சேர்த்து, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். பருத்தி விளைகிற கரிசல் சீமையின் வாசலில் இருக்கிற ஊர் இது. மாட்டுக்கு வைக்கிற கொட்டையிலிருந்து மனுஷனுக்கு ஒரு பானம் செய்யலாம் என்று கண்டுபிடித்த அறிவு எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. அந்தச் சூட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு குடி. இனிப்பு எவ்வளவு, சுக்கு எங்கே உறைக்கிறது என்று கவனி.

பக்கத்திலேயே முள்ளுமுருங்கை அடை போடுகிறவர் இருப்பார். கல்யாண முருங்கை என்றும் சொல்வார்கள். அந்த இலையை அரிசியோடு ஆட்டித் தட்டி எண்ணெயில் பொரித்து, மேலே பொடி தூவித் தருவது. பச்சை நிறத்தில் கனமாக இருக்கும். சளிக்கு நல்லது என்று பாட்டிமார் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தது. நூறு வகைத் துரித உணவு வந்த பிறகும் அந்த எண்ணெய்ச் சட்டி அணையவில்லை.

விளக்குத்தூண் பக்கம் போ. 1840களில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிற்கிற தூண் அது. அந்த வட்டாரத்தில்தான் ஜிகர்தண்டா பேர் வாங்கியது. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். நாலே பொருள். ஆனால் கடைக்குக் கடை பால் காய்ச்சுகிற பதம் வேறு, நன்னாரியின் அளவு வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட கடையில் குடித்துப் பார். எது உன்னுடையது என்று நீயே சொல். பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிற பெயரைப் பார்த்துச் சொல்லாதே.

சிம்மக்கல் பக்கம் கறிதோசை. கனமாக ஊற்றிய தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் வதக்கிய கொத்துக்கறி பரப்பித் திருப்பிப் போட்டுக் கல்லோடு அழுத்துவார்கள். அதைப் போடுகிற மாஸ்டரின் கையைப் பார். கறியைக் கரண்டியால் அமுக்குகிற அந்த ஒரு நொடியில் அவர் எதையும் யோசிப்பதில்லை. யாரையும் கேட்பதில்லை. கைக்குத் தெரியும். பல வருஷம் அந்தக் கல் முன்னால் வெந்து வந்த தெளிவு அது. உனக்கு வேண்டியது அந்தத் தெளிவு.

அயிரை மீன் குழம்பைத் தேடிப் போனால் மெஸ்களுக்குப் போக வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பாலில் விட்டு, அது வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிய பிறகு, மண்சட்டியில் உப்புப் போட்டுத் தேய்த்து அலசி, பிறகுதான் குழம்பு. இவ்வளவு வேலை இருப்பதால் விலையும் கூடத்தான். கொடு. உழைப்புக்குக் கொடுக்கிற காசு வீணில்லை.

நல்ல கடையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த வட்டாரத்தில் உடம்பு வருந்த வேலை செய்கிறவரைக் கேட்பது. அதையும் சரியாகக் கேட்க வேண்டும். "அண்ணே, இங்க நல்ல ஓட்டல் எங்க இருக்கு?" என்று கேட்டால் உன் சட்டையைப் பார்த்து ஏசி ஓட்டலுக்கு வழி சொல்வார். "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேள். அவர் முகமே மாறும். "நமக்கா? தெற்கு மாசி வீதி முக்குல அக்கா கடை இருக்கு. ஒன்பதரைக்குள்ள போயிருங்க தம்பி, அப்புறம் தீந்துரும்" என்பார். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர் கெட்ட சாப்பாட்டைத் தினமும் சாப்பிட மாட்டார். அவர் வயிறு அதைத் தாங்காது, அவர் கூலியும் தாங்காது. "தீந்துரும்" என்கிற அந்தச் சொல்லைக் கேட்டதும் நடையை வேகமாக்கு. தீர்ந்துபோகிற கடையில் நேற்று வைத்தது இன்றைக்கு வராது.

உள்ளே போனதும் பத்து வகை சொல்லாதே. அந்தக் கடையில் எல்லோரும் எதைச் சாப்பிடுகிறார்களோ அதில் ஒன்று, அதிலும் எளியது. இட்லிக் கடையா, இட்லியும் ஒரு சட்னியும். ஈடு இறக்கும்போது உட்கார். பரோட்டாக் கடையா, ஒரு பரோட்டாவும் வெறும் சால்னாவும். சால்னா சரியில்லாத கடையில் சுக்கா வாங்கிப் பிரயோஜனமில்லை. மெதுவாகச் சாப்பிடு. படம் எடுக்காதே. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வெளியே வந்து, வேறு யார் சொன்னதையும் படிப்பதற்கு முன், ஒரு சின்ன நோட்டில் உன் தீர்ப்பை எழுது. கடை, நேரம், பண்டம், எப்படி இருந்தது, ஏன் அப்படி இருந்தது. அந்த "ஏன்"தான் முக்கியம். "சூப்பர்" என்று எழுதினால் அது தீர்ப்பாகாது. புளி தூக்கலா, எண்ணெய் பழசா, மாவு புளிக்கவில்லையா? காரணத்தோடு எழுதப் பழகு. காரணம் சொல்லத் தெரிந்தவனை யாராலும் மிரட்ட முடியாது.

ஊரே வரிசையில் நிற்கிற கடை உனக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்று எழுது. யாரும் எட்டிப் பார்க்காத சந்துக்கடை பிடித்ததா? பிடித்தது என்று எழுது. நண்பர்கள் சிரிக்கட்டும். இன்னொரு நாள் போ, வேறொரு நேரத்தில் போ. மாஸ்டருக்கும் மனசு சரியில்லாத நாள் உண்டு. திரும்பிப் போய்ச் சாப்பிட்டு உன் தீர்ப்பே மாறினால், அதையும் தலை நிமிர்ந்து எழுது. உன் முடிவை மாற்றுகிற உரிமையும் உன்னுடையதுதான்.

துணிச்சல் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது என்று அர்த்தமில்லை. அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வருகிறதா, எண்ணெய் கறுத்துக் கிடக்கிறதா, குடிக்கிற தண்ணீர் எதில் இருக்கிறது, தட்டு கழுவுகிற தண்ணீரை எத்தனை முறை மாற்றுகிறார்கள் என்று பார். சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் மாட்டியிருக்கிறதா பார். இல்லையென்றால் கேள். கேட்பதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் எழுந்து வா. உட்கார்ந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டுச் சாப்பிடுகிறவன்தான் பிற்பாடு பிடிக்காத வேலையிலும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறான்.

தங்கையே, இனி உன்னிடம் தனியாகப் பேச வேண்டும். வேலைக்கென்று ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறாய். விடுதியில் இருக்கிறாய். பசிக்கிறது. தெருமுனையில் நல்ல கடை இருக்கிறது. நீ போவதில்லை. தனியாக ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டால் யாராவது பார்ப்பார்களே என்று பார்சல் கட்டிக்கொண்டு வந்து, நாலு சுவருக்குள் ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துத் தின்கிறாய். ஆண்பிள்ளைகளுக்குக் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கிற அதே சால்னா உனக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக் பைக்குள் ஆறிப்போக வேண்டும்?

இந்த ஊரின் தெருவோர இட்லிக் கடைகளையும் ஆப்பக் கடைகளையும் பார். அடுப்பு முன்னால் எத்தனை பெண்கள்! விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவைக் கரைத்து, அடுப்புப் பற்றவைத்து, கல்லாவையும் தானே பார்த்துக்கொண்டு, வம்புக்கு வருகிறவனை ஒரே அதட்டலில் அடக்குகிற அக்காமார். அடுப்புக்கு அந்தப் பக்கம் பெண் தனியாக நிற்கலாம், இலைக்கு இந்தப் பக்கம் பெண் தனியாக உட்காரக் கூடாதா? முதல் நாள் பகல் நேரத்தில் போ. கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார். என்ன வேண்டும் என்று வாய் திறந்து, காதில் விழுகிற மாதிரி சொல். இன்னொரு கரண்டி சால்னா வேண்டுமென்றால் கேட்டு வாங்கு. யார் உற்றுப் பார்த்தாலும் நீ உன் இலையைப் பார். இரண்டாம் முறை போகும்போது அந்த அக்காவே "வா தாயி" என்று இடம் ஒதுக்கித் தருவார். ஒரு மேசையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளப் பழகிய பெண், அலுவலகக் கூட்டத்தில் தன் நாற்காலிக்காக யாரிடமும் கெஞ்ச மாட்டாள்.

இன்னொரு வெட்கமும் என்னைக் கொதிக்க வைக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள், உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால் வாயைத் திறப்பதில்லை. குடல் குழம்பு என்று சொல்ல வெட்கம். பருத்திப்பால் என்று சொல்ல வெட்கம். பாஸ்தாவின் வகைகளை ஒப்பிக்கிறார்கள். அடே, உன்னைச் சுற்றியிருக்கிற மண்ணை நாடே அங்கீகரித்திருக்கிறது! ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019இல் புவிசார் குறியீடு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல். மணப்பாறை முறுக்குக்கும் சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023இல். சிறுமலை வாழைப்பழத்துக்கு 2008லேயே கிடைத்துவிட்டது. எல்லாம் மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு திரும்புகிற தூரம். இதோடு சாத்தூர்ச் சேவும் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் சேர்த்துக்கொள்.

விடுமுறை நாளில் பேருந்து ஏறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் பக்கம் பால்கோவாக் கடைகள் வரிசையாக நிற்கும். எல்லாப் பலகையிலும் பெருமை பேசியிருக்கும். எதையும் நம்பாதே, எதையும் ஒதுக்காதே. மூன்று கடையில் நூறு நூறு கிராம் வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார். பொட்டலங்களை அடையாளம் தெரியாமல் மாற்றி வைக்கச் சொல்லிக் கூட வந்தவனிடம் கொடு. கண்ணை மூடிக்கொண்டு ருசி பார். எதில் பால் அதிகம் சுண்டியிருக்கிறது, எதில் சீனி முந்துகிறது, எது நாக்கில் மணல் மணலாய்க் கரைகிறது என்று சொல். பெயரும் பலகையும் விலையும் மறைந்துபோன அந்த ஒரு நிமிடம், உனக்கும் உண்மைக்கும் நடுவில் யாருமில்லை. அந்த நிமிடத்தைப் பழகிக்கொள்.

தள்ளுவண்டி போடுகிறவரை நினைத்துப் பார். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் தன் கையை நம்பிப் பந்தயம் கட்டுகிறார். மாவு ஆட்டியாகிவிட்டது. கறி வாங்கியாகிவிட்டது. வட்டிக்காரன் காலையில் வருவான். மழை வந்தால் அவ்வளவுதான். எந்த நட்சத்திரமும் அவருக்குத் தைரியம் சொல்லவில்லை. இருந்தும் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுக் கல்லைத் துடைத்துவிட்டு நிற்கிறார். அவர் சமைத்ததை எடைபோட உனக்குத் தைரியமில்லையா? அவருடைய துணிச்சலில் பத்தில் ஒரு பங்கு போதும் உனக்கு.

இன்றைக்குச் சாயங்காலமே கிளம்பு. கூட வர ஆள் தேடாதே. மதுரைக்காரன் என்றால் மாசி வீதிக்குப் போ. திருச்சியா, கோவையா, நெல்லையா, நீ இருக்கிற ஊரின் பழைய கடைவீதிக்குப் போ. செல்பேசியை அணைத்துப் பையில் போடு. நூறு ரூபாயும் ஒரு பேனாவும் ஒரு சின்ன நோட்டும் எடுத்துக்கொள். முதலில் கண்ணில் படுகிற சுமைதூக்கும் அண்ணனிடம் அவர் எங்கே சாப்பிடுவார் என்று கேள். சொன்ன இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சூடாக ஒரு ஈடு சாப்பிட்டுவிட்டு, உன் கையெழுத்தில் உன் தீர்ப்பை எழுது. கீழே உன் பெயரைப் போடு.